அந்தக் கம்பு என்னோடது இல்லை

அந்தக் கம்பு உங்க காலை இடிக்குதா தம்பி? இருங்க, கொஞ்சம் சன்னல் பக்கமா சாய்ச்சு வச்சுக்கிடுதேன். பஸ் திரும்பும்போதெல்லாம் அதுவும் ஒரு ஆட்டம் ஆடும். ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க, அது என் கம்பு இல்ல. எங்க சம்பந்தியோட கம்பு. அவருகிட்ட குடுக்கத்தான் இப்ப அம்பாசமுத்திரம் போறேன்.

நான் ஏறும்போது ஊன்றிக்கிட்டு ஏறினதைப் பாத்துட்டுத்தானே எழுந்து எடம் விட்டீங்க. நல்ல பிள்ளை. ஆனா தப்பா எடுத்துக்கிடக் கூடாது. கையில ஒரு கம்பு இருந்தா அதை வேற எப்படிக் கொண்டுபோறது, நீங்களே சொல்லுங்க. தோள்ல வச்சா சிலம்பத்துக்குப் போறான்னு நெனைப்பாங்க. கக்கத்துல இடுக்கினா பின்னால நிக்கிறவன் கண்ணைக் குத்தும். அதனால தரையில ஊன்றினேன், அவ்வளவுதான். எனக்குக் காலுக்கு ஒண்ணும் கிடையாது. பாளையங்கோட்டையில பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். நயினார் சாருன்னு அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் விசில் அடிச்சா தெருவுல போற மாடு கூட நிக்கும். முட்டி மட்டும் இப்ப கொஞ்சம் சத்தம் போடும். சத்தம் வந்தா இன்னும் ஓடுதுன்னுதானே அர்த்தம்.

கம்போட தலைப்பக்கம் பாருங்க, சின்னத் தகடு ஒண்ணு ஆணி அடிச்சிருக்கு. அதுல ரெண்டு கோபுரம் தெரியுதா? அது சர்ச்சு. ஜெர்மனியில ஒரு மலையூரு. பேரு சொன்னா எனக்கும் நாக்கு சுளுக்கிக்கும், உங்களுக்கும் மனசுல நிக்காது. நானும் சம்பந்தியும் போனோம். இந்த ஜென்மத்துல அந்த மனுஷன் கூட இனி ஒரு மலை ஏற மாட்டேன் தம்பி. சேரன்மாதேவி வர நேரம் இருக்குலா, சொல்லுதேன் கேளுங்க.

எங்க பொண்ணு கோமதி அங்க இருக்கா. மாப்பிள்ளைக்கு அங்க ஒரு கார் கம்பெனியில வேலை. போன வருஷம் அவளுக்குப் பிரசவம். பிரசவம்னா தாயார் போகணும், தாயார் போனா தகப்பனும் போகணும். அதே நேரத்துல மாப்பிள்ளையோட அப்பாவும் அம்மாவும் பேரனைப் பாக்க வந்துட்டாங்க. சின்ன வீடு. ரெண்டு சம்பந்தி வீடும் ஒரே கூரைக்குள்ள. என்ன ஆகும்னு நெனைக்கீங்க? சண்டையா? சண்டை வந்திருந்தா கூடப் பரவாயில்ல. மரியாதை வந்துட்டு.

குளியலறை ஒண்ணுதான். "நீங்க குளிங்க சம்பந்தி"ம்பாரு அவரு. பெண்ணைக் குடுத்தவன் நான், அவருக்கு முந்தி நான் குளிக்கலாமா? "அதெப்படி, நீங்க குளிங்க"ம்பேன். சொல்லிச் சொல்லியே மத்தியானம் ஆயிரும், ரெண்டு பேரும் குளிக்காம சாப்பிட உக்காருவோம். அங்கயும் முதல் தோசையை யாரு எடுக்கிறதுன்னு பாத்துப் பாத்து தோசை அப்பளமா ஆயிரும். கதவு தொறந்திருந்தா யாரு முதல்ல உள்ள போறதுன்னு நின்னு நின்னு வீடெல்லாம் குளிர் புகுந்துரும். ஒருநாள் கோமதி, கையில பச்சப் பிள்ளை, தூக்கமில்லாத கண்ணு, "அப்பா, மாமாவைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிட்டு வாங்க. சாயங்காலம் வரைக்கும் வராதீங்க"ன்னுட்டா. பாருங்க அவ பாசத்தை. அந்தக் களைப்பிலயும் அப்பா ஊர் சுத்திப் பாக்கணும்னு அவளுக்குத் தோணிருக்கு.

மாப்பிள்ளைதான் அந்த மலையூரைச் சொன்னாரு. பழைய காலத்து ஊரு, தெருவெல்லாம் கல்லு பாவினது, உச்சியில பெரிய சர்ச்சு, உள்ள சித்திரமும் சிற்பமுமா இருக்கும்னாரு. எனக்கு அந்த 'உச்சி'ங்கிற வார்த்தை பிடிச்சுப்போச்சு. எங்க பழைய மாணவர்கள் வாட்ஸாப் குரூப் ஒண்ணு இருக்கு. போலீஸ்ல இருக்கான், டாக்டரா இருக்கான், துபாயில இருக்கான், எல்லாப் பயலும் அதுல உண்டு. அன்னைக்கு ராத்திரியே ஒரு மெசேஜ் தட்டிட்டேன். 'மாணவச் செல்வங்களே, நாளை உங்கள் நயினார் சார் ஜெர்மனியில் மலை உச்சியில். புகைப்படம் பின்னால் வரும். கால்களுக்கு ஓய்வு கிடையாது.' இதைப் போட்டபிறகு உச்சிக்குப் போகாம திரும்ப முடியுமா? போகலைன்னா அத்தனை பயலும் சிரிப்பான். சார் எங்களை மட்டும் மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டாருன்னு பேசுவான். என் மானமே அந்த போட்டோவுலதான் இருந்துச்சு தம்பி.

சம்பந்தியைப் பத்திச் சொல்லணும். பேரு பிரமநாயகம். காட்டிலாகாவுல ரேஞ்சரா இருந்தவரு. களக்காடு, முண்டந்துறை எல்லாம் அவரு காலடிதான்னு சொல்லுவாங்க. இன்னும் வருஷா வருஷம் பொதிகை மலை ஏறி இறங்குதாருன்னு மாப்பிள்ளை பெருமையாச் சொல்லுவாரு. நான் எதுத்துப் பேசினதில்ல, மாப்பிள்ளை வீடு. ஆனா அன்னைக்கு என் கண்ணால பாத்ததை வச்சுச் சொல்லுதேன், அந்த மனுஷன் சர்வீஸ் பூரா ஜீப்புலயே உக்காந்திருக்கணும். நடந்தவன் கால் அப்படி இருக்காது.

ரயிலை விட்டு இறங்கினோம். ஊரு நல்ல ஊரு, குறை சொல்லப்படாது. சிவப்பு ஓட்டு வீடுக, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி. நடுவுல ஒரு தெரு மேல ஏறுது. ஏறுதுன்னா அப்படி ஒரு ஏத்தம். உச்சியில அந்த ரெண்டு கோபுரம். நான் கையை வீசி, "வாங்க சம்பந்தி, ஒரே மூச்சுல போயிருவோம்"னேன். அவரு மலையைப் பாத்தாரு. அப்புறம் குனிஞ்சு என் முட்டிப் பக்கம் பாத்தாரு. பேன்ட்டுல தூசி கீசி இருந்திருக்கும் போல. நான் தட்டிவிட்டுக்கிட்டேன்.

கொஞ்ச தூரம் போனோம். ஒரு தண்ணித்தொட்டி, நடுவுல ஒரு கல்லு மனுஷன் கேடயத்தோட நிக்கான். "அடடா, என்ன வேலைப்பாடு"ன்னு சொல்லிட்டு சம்பந்தி தொட்டி ஓரத்துல உக்காந்துட்டாரு. அவரு உக்காந்தா நான் நிக்க முடியுமா, நானும் உக்காந்தேன். எழுந்து கொஞ்சம் நடந்தா ஒரு வீட்டுக் கதவுல மரத்துல திராட்சைக் கொடி செதுக்கியிருக்கு. "இதை நின்னு பாக்கணும் சம்பந்தி"ன்னு சொல்லி, நிக்காம எதிர்த்த படிக்கட்டுல உக்காந்துட்டாரு. அப்புறம் ஒரு ரொட்டிக்கடை வாசல் பெஞ்சு. அப்புறம் ஒரு வளைவு, அதுல ஒரு திண்டு. அந்த ஊர்ல உக்கார எங்கெல்லாம் எடம் உண்டோ அத்தனையும் அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியுது. எனக்கோ உள்ளுக்குள்ள எரியுது. ஒவ்வொரு தடவையும் சரியா நான் மூச்சை இழுத்துப் பிடிச்சு வேகம் எடுக்கப் போற நேரத்துலதான் அவரு உக்காருவாரு. ஒரு தடவை கூடத் தப்பினதில்ல. எப்படித்தான் நேரம் பாத்து உக்காருதாரோ.

கேட்டா, "வயசாயிட்டுல்லா சம்பந்தி"ம்பாரு. என்னைவிட நாலு வயசு மூத்தவரு, வாஸ்தவம்தான். பாவமாவும் இருந்துச்சு. சரி, மனுஷனை விட்டுட்டா போக முடியும், பொண்ணு வாழற வீடு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நானும் கூடக் கூட உக்காந்தேன்.

அடுத்த வளைவுல ஒரு கம்புக் கடை. நெசமாத்தான் தம்பி, கம்பு விக்கிறதுக்குன்னே ஒரு கடை. மலை ஏற வாரவங்க வாங்குவாங்களாம், போற ஊருக்கெல்லாம் ஒரு தகடு வாங்கி அதுல அடிச்சுக்கிடுவாங்களாம். சம்பந்தி உள்ள போயி ஒண்ணை எடுத்தாரு, தரையில தட்டிப் பாத்தாரு. அவரு உயரமான ஆளு. அவரு எடுத்த கம்பு அவருக்கு இடுப்புக்குக் கீழ நிக்குது. "சம்பந்தி, இது குட்டை, வேற எடுங்க"ன்னேன். "எனக்குக் குட்டைக் கம்புதான் வசதி"ன்னுட்டாரு. தகடும் அடிக்கச் சொல்லி வாங்கினாரு. சரி, இனியாவது ஒழுங்கா நடப்பாருன்னு நானும் நிம்மதியா வெளிய வந்தேன்.

கடை வாசலைத் தாண்டல. "சம்பந்தி, இதைக் கொஞ்சம் பிடிங்க. எனக்குக் கை உளையுது"ன்னு என் கையில குடுத்துட்டாரு.

கேட்டீங்களா அநியாயத்தை? வாங்கினவரு அவரு, சுமக்கிறது நான். பெண்ணைக் குடுத்தவன்னா கம்பு தூக்கவும் நேர்ந்துவிட்டவனா? வேற ஆளா இருந்தா அங்ஙனயே கேட்டிருப்பேன். கேக்க முடியல. வாங்கிக்கிட்டேன். சும்மா எதுக்குச் சுமக்கணும்னு ஊன்றிக்கிட்டே நடந்தேன். எனக்கு வேண்டாம்னுதான் இருந்துச்சு, கையில இருக்கேன்னு ஊன்றினேன். அவரு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வாராரு. மகாராஜா.

பாதி வழியில ஒரு சின்ன சர்ச்சு. உள்ள பாட்டுச் சத்தம் கேக்குது. ஞாயித்துக்கிழமை, ஆராதனை நடக்கு. "கும்பிட்டுட்டுப் போவோம், உக்காரவும் செய்யலாம்"னாரு சம்பந்தி. உக்காரணும், அதான் அவருக்கு. வாசல்ல ஷூவைக் கழட்டினோம். பாளையங்கோட்டைக்காரனுக்கு சர்ச்சு புதுசில்ல தம்பி, எங்க ஊர் ஊசிக்கோபுரம் சர்ச்சு நிழல்ல வளந்தவன். நம்ம பக்கம் கோயிலோ சர்ச்சோ, செருப்பை வெளிய விட்டுட்டுத்தானே உள்ள போவோம். அங்க வெளிய ஒரு ஜோடி கூடக் கிடையாது. பாடுறவங்களைத் தவிர யாரும் இன்னும் வரல போலன்னு நெனைச்சு உள்ள போனா கூட்டம் இருக்கு. தரை ஐஸுக்கட்டி.

விசேஷ வீடானாலும் சரி, விளையாட்டு விழாவானாலும் சரி, எனக்கு முன்வரிசைதான் பழக்கம். நேரா முன்னால போயிட்டேன். பெஞ்சு காலியா இருந்துச்சு. "உக்காருங்க சம்பந்தி"ன்னேன். "நீங்க முதல்ல உக்காருங்க"ன்னாரு. "அதெப்படி, நீங்க உக்காராம நான் எப்படி"ன்னேன். கையை நீட்டுதாரு, நானும் நீட்டுதேன். ரெண்டு பேரும் கையை நீட்டிக்கிட்டு அப்படியே நிக்கோம்.

அந்த நேரம் பாத்து பின்னால ஒரு டூரிஸ்ட் பஸ் கூட்டம் வந்து உக்காந்திருக்கு. அவங்களுக்கு எப்ப எழுந்திருக்கணும், எப்ப உக்காரணும்னு தெரியுமா? முன்னால ரெண்டு பேரு நிக்காங்களேன்னு அவங்களும் எழுந்துட்டாங்க. அவங்க எழுந்ததைப் பாத்து உள்ளூர்க்காரங்க, நாம எங்கயோ கோட்டை விட்டுட்டோம்னு நெனைச்சு அவங்களும் எழுந்துட்டாங்க. சாமியார் என்னமோ வாசிச்சுக்கிட்டு இருந்தவரு, தலையைத் தூக்கிப் பாத்தா மொத்தச் சர்ச்சும் நிக்குது. கையைத் தாழ்த்தி உக்காரச் சொன்னாரு. எல்லாரும் உக்காந்தாங்க, நாங்களும் ஒருவழியா உக்காந்தோம்.

உக்காந்து பாத்தா சம்பந்தி பெஞ்சு நுனியில பாதி உடம்புதான் வச்சிருக்காரு. எனக்கு எடம் விட்டிருக்காராம். பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? "நல்லா உள்ள தள்ளி உக்காருங்க"ன்னு நான் எழுந்தேன். நான் எழுந்ததும் அவரு எழுந்தாரு. மறுபடியும் தடதடன்னு ஒட்டுமொத்தமா எல்லாரும் எழுந்துட்டாங்க. மாடியில ஆர்கன் வாசிக்கிறவருக்கு ஒரு கண்ணாடி மாட்டி வச்சிருக்கும், கீழ நடக்கிறது அதுலதான் அவருக்குத் தெரியும். எல்லாரும் நிக்காங்களே, பாட்டு நேரம் வந்துட்டுன்னு அவரு வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஆரம்பிச்சா பாடணும்லா? பாடினாங்க. சாமியார் புஸ்தகத்தை மூடி வச்சுட்டு அவரும் சேந்து பாடினாரு.

எனக்கு ஒரு விஷயத்துல சந்தோஷம் தம்பி. எத்தனையோ வருஷம் காலையில பிரேயருக்கு ஆயிரம் பிள்ளைகளை நிறுத்தி உக்கார வச்சவன் நான். அந்த மிடுக்கு எங்க போனாலும் தெரியும் போல. மொழி தெரியாத ஊர்ல, நான் எழுந்தா எழுந்திருக்கான், உக்காந்தா உக்காருதான். ஜெர்மன்காரன் ஒழுங்கு தெரிஞ்சவன்னு சும்மாவா சொல்லுதாங்க.

வெளிய வந்தா இன்னொரு கூத்து. நாங்க கழட்டிப் போட்ட ஷூவைப் பாத்துட்டு அந்த பஸ் கூட்டமும் கழட்டிட்டு வந்திருக்கு. வாசல் பூரா ஷூ. கல்யாண மண்டபம் கெட்டுது. என் ஷூவைத் தேடி எடுத்து, அங்ஙன இருந்த கல்லுல உக்காந்து காலை நுழைச்சேன். லேஸ் கட்டக் குனியணும். குனிஞ்சேன். குனியத்தான் செஞ்சேன், ஆனா முட்டி ஒரு அளவுக்கு மேல மடங்கல. குளிரு. கை லேஸுக்கு எட்ட இன்னும் ஒரு சாண் இருக்கு. இப்படியே கொஞ்ச நேரம் லேஸைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பாத்தா என் காலடியில ஒரு தலை. வழுக்கைத் தலை. சம்பந்தி குத்துக்கால் வச்சு உக்காந்து என் லேஸைக் கட்டுதாரு.

எனக்கு உயிரே போயிட்டு தம்பி. மாப்பிள்ளையோட அப்பா. நான் அவரு காலைத் தொட்டு வேட்டி துண்டு குடுத்து சம்பந்தம் பண்ணினவன். அந்த மனுஷன் என் காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. எங்க ஆளுக யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்க? "சம்பந்தி, என்ன காரியம் பண்ணுதீங்க, எழுந்திருங்க"ன்னு பதறிட்டேன். அவரு நிதானமா முடிச்சுப் போட்டு, இன்னொரு காலையும் கட்டி முடிச்சுட்டுத்தான் நிமிந்து பாத்தாரு.

"அட, இது உங்க காலா சம்பந்தி? நான் என் ஷூன்னுலா நெனைச்சேன். மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் குடுத்துட்டான், பாருங்க."

கண்ணும் போச்சு அந்த மனுஷனுக்கு. கால் இல்ல, கை உளைச்சல், இப்ப கண்ணும் தெரியல. தன் காலு எது, அடுத்தவன் காலு எதுன்னு தெரியாத அளவுக்கா ஒருத்தருக்குப் பார்வை மங்கும்? அவரு வீட்டம்மாகிட்ட சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லணும்னு அங்ஙனயே முடிவு பண்ணினேன். அப்புறம் சொல்லவும் செஞ்சேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும் அண்ணாச்சி"ன்னாங்க. புருஷனை விட்டுக்குடுப்பாங்களா.

சேரன்மாதேவி வந்துட்டா? சுக்குக்காபி விக்கான், குடிக்கீங்களா? வேண்டாமா. சரி.

கடைசி ஏத்தம்தான் பாடு. சர்ச்சுக்கு முன்னால நெட்டுக்குத்தலா படி. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கு. பாதிப் படியில எனக்கு என்னமோ ஆயிட்டு. கால் வலிக்கலை, அப்படியெல்லாம் இல்ல. ஷூ தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. மேல தூக்குன்னு மூளை சொல்லுது, கால் காது கேக்காத மாதிரி நிக்குது. மேல பாத்தா கோபுரம், கீழ பாத்தா வந்த தெரு பூராத் தெரியுது. பைக்குள்ள போன் டிங் டிங்குன்னு அடிக்குது. 'சார் உச்சிக்குப் போயாச்சா'ன்னு பயலுக கேக்கானுக. தம்பி, ஒளிக்காம சொல்லுதேன், அந்த எடத்துல எனக்கு அழுகையே வந்துட்டு. காத்து அப்படி. கண்ணுல தண்ணி வரும்.

சம்பந்தி ரெண்டு படி மேல நின்னவரு இறங்கி வந்தாரு. என் பக்கத்துல நின்னு மெதுவாச் சொன்னாரு. "சம்பந்தி, எனக்குத் தலை சுத்துது. கூச்சமா இருக்கு கேக்க. உங்களைப் பிடிச்சுக்கிட்டு ஏறட்டுமா?"

அப்படி ஒருத்தர் கேட்டா மாட்டேன்னா சொல்லுவோம்? "தாராளமா பிடிச்சுக்கிடுங்க"ன்னேன். என் இடுப்பைச் சுத்தி ஒரு கையைக் குடுத்தாரு, இன்னொரு கையால என் முழங்கையைப் பிடிச்சாரு. நல்ல இறுக்கமான பிடி. தலை சுத்துறவனுக்கு அவ்வளவு பலம் எப்படி வரும்னு எனக்கே ஆச்சரியம். அவரு பாரம் முழுசும் என் மேல. ஆனா ஒண்ணு சொல்லணும், அவரைத் தாங்கிக்கிட்டு ஏறும்போது எனக்கு முட்டி பூ மாதிரி இருந்துச்சு. பாரம் தூக்கினா காலுக்கு நல்லதுன்னு நான் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அன்னைக்கு அனுபவத்துல பாத்தேன். மேல போனதும் அவருக்குச் சட்டை பூரா வேர்வை. எனக்கு ஒரு சொட்டுக் கிடையாது.

உள்ள போனோம். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சர்ச்சு. தூணெல்லாம் அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். முன்னால மரத்துலயே ஒரு பெரிய சிற்பம், ஏசுநாதரும் சீடர்களும் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுதாங்க. நல்ல வேலைதான், ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி. ஆனா பந்தியில பரிமாற ஒரு ஆளைக் காணோம். எல்லாரும் உக்காந்துட்டா யாரு எடுத்து வைக்கிறது? சம்பந்திகிட்ட சொன்னேன், சிரிச்சாரு.

பக்கத்துச் சுவத்துல கூரை வரைக்கும் ஒரு சித்திரம். பழைய சித்திரம், அங்கங்க சாயம் போயிருக்கு. ஒரு ராட்சச ஆளு ஆத்துக்குள்ள நடக்கான். கையில ஒரு மரத்தடி. தோள்ல ஒரு சின்னப் பிள்ளை. எதிர்ல பெஞ்சு கிடக்கு, கேக்கணுமா, உக்காரச் சொன்னாரு. உக்காந்தோம். அங்க காவலுக்கு இருந்த அம்மா ஒருத்தி கொஞ்சம் இங்கிலீஷ்ல விளக்கினா. அவன் ஆளுகளை ஆத்துக்கு அக்கரை கொண்டுபோய் விடுறவனாம். அன்னைக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கினா, போகப் போக கனம் கூடிக்கிட்டே போகுதாம். இவன் இறக்கி விடலையாம். அந்தப் பிள்ளை ஏசுநாதர்தான்னு அக்கரை சேர்ந்த பிறகுதான் அவனுக்குத் தெரியுமாம்.

சம்பந்தி அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு அதுல ஒரு சந்தேகம். "ஏன் சம்பந்தி, பிள்ளை கனக்கேன்னு வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? பிள்ளைக்கும் தெரியும்லா, பாவம், இவனுக்கு முடியலைன்னு"ன்னு கேட்டேன்.

அவரு சித்திரத்துல ஆத்தைக் கையால காட்டினாரு. "சொன்னா பிள்ளை இறங்கிக்கிடும் சம்பந்தி. ஆத்துல தண்ணி நிறையப் போகுது பாருங்க"ன்னாரு.

என்ன பேச்சு இது? ஓவியத்துல தண்ணி எவ்வளவு போனா என்ன? ரிட்டையர் ஆனா சில பேருக்கு இப்படித்தான், பேச்சு ஒரு பக்கம் போகும்.

வெளிய வந்து, ரெண்டு கோபுரமும் தெரியற மாதிரி நின்னோம். அந்தக் காவல்கார அம்மாவே போட்டோ எடுத்துக் குடுத்தா. கீழ ஊரு, வயல், ஆறு, அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலை. நான் நெஞ்சை நிமித்தி அட்டென்ஷன்ல நின்னேன். மனசு நிறைஞ்சு போச்சு தம்பி. குரூப்புல போட்டேன் பாருங்க, கைதட்டலா வந்து குவியுது. ஒரே ஒருத்தன், ஸ்டீபன்னு ஒரு பய, அந்தக் காலத்துலயே வரிசையில நின்னு பேசுறவன், 'சார் சூப்பர், உங்களைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற அந்தப் பெரியவர் யாரு சார்'னு கேட்டு வச்சிருக்கான். எனக்கு வந்துச்சே கோவம். 'தாங்குறது நான், தொங்குறது அவர். நன்றாகக் கவனித்துப் பார்க்கவும்'னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் மூச்சு விடல.

இந்தா, இந்த போட்டோதான். நீங்களே பாருங்க. இவரு கை என் கக்கத்துக்குக் கீழ இருக்குலா, அது அவரு விழுந்திராம இருக்கப் பிடிச்சிருக்கிறது. கம்பு என் கையில இருக்கு, ஏன்னா அவரு சுமக்க மாட்டாரு. என்ன சிரிக்கீங்க? என் முகம் கொஞ்சம் வெளிறினாப்புல இருக்கிறது வெளிச்சம் அப்படி. எங்க வீட்டுக்காரியும் இதைப் பாத்துட்டு இப்படித்தான் சிரிச்சா. "உங்களுக்கு ஒண்ணும் விளங்காது"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ எப்பவும் எதையாவது பாதியில விட்டுட்டுப் போறவதான்.

இப்ப கம்பு விஷயம். ஊருக்கு வந்த பிறகு பெட்டியைத் தொறந்தா கம்பு என் சாமானோட இருக்கு. அடுத்தவர் பொருளு, வச்சுக்கிட்டு இருக்கலாமா? குடுத்துருவோம்னு எடுத்துக்கிட்டு அம்பாசமுத்திரம் போனேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சம்பந்தி, அடுத்த தடவை வாங்கிக்கிடுதேன், எங்க வீட்டுல வைக்க எடம் இல்ல"ன்னாரு. தோட்டத்தோட பெரிய வீடு, ஒரு கம்பு வைக்க எடம் இல்லையாம். இன்னொரு தடவை போனேன், கரையான் அரிச்சிரும்னாரு. அதுக்கப்புறம் போனப்ப மழை ஓதம்னாரு. இப்படியே என் கையிலயே கிடக்கு. சும்மா மூலையில கிடந்தா வளைஞ்சிரும்னு காலையில மார்க்கெட்டுக்குப் போகும்போது ஊன்றுவேன், மாடிப்படியில ஊன்றுவேன். பொருளு பழக்கத்துல இருக்கணும்லா. பாருங்க, பிடி எப்படி வழவழன்னு ஆயிட்டு. அவ்வளவும் அவருக்காகத்தான்.

இன்னைக்கு ஒரே முடிவா வந்திருக்கேன். மறுபேச்சே கிடையாது, கையில குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிருவேன்.

கல்லிடைக்குறிச்சி தாண்டிட்டோம்லா? அப்ப இந்தா வந்துட்டு. அந்தக் கம்பைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி. இல்ல இல்ல, நானே எழுந்திருவேன். உங்க தோளைச் சும்மா ஒரு பிடி பிடிச்சுக்கிடுதேன், பஸ்ஸு ஆடுது.

அதோ நிக்காரு பாருங்க. வெள்ளைச் சட்டை, உயரமா. போன் பண்ணி, வராதீங்க, ஆட்டோவுல வாரேன்னு சொன்னேன், கேக்காம வந்து வெயில்ல நிக்காரு. நிழல்ல பெஞ்சு காலியாக் கிடக்கு, உக்காரல. மலையில அத்தனை தடவை உக்காந்த மனுஷன், இங்க நிக்காரு பாருங்க. அவரை என்னன்னு சொல்ல? பஸ்ஸைப் பாத்ததும் ஓடி வேற வாராரு. தலை சுத்தும் அவருக்கு.

இந்த பஸ்காரன் படியை ஏன் இவ்வளவு உயரத்துல வச்சிருக்கான்? கண்டக்டர் சார், ஒரு நிமிஷம் விசில் அடிக்காதீங்க. வந்துட்டாரு, படிகிட்ட வந்துட்டாரு. பாருங்க, ரெண்டு கையையும் நீட்டுதாரு. நான் இறங்கும்போது அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடணும் தம்பி. பிடிக்கலைன்னா விழுந்துருவாரு, பாவம்.